கார் மந்தமா, காது அவசரமா?

சீவலப்பேரியிலிருந்து பாளையங்கோட்டை பதினைந்து கிலோமீட்டர் அளவு தூரம். கல்லூரி நாட்களில் இந்தத் தூரத்தை நான் காரில் கடக்கிறேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் காலையில் உடன் வருவாள். எங்கள் கார் கியர் மாற்ற வேண்டாத கார். கிளட்ச் மிதி கிடையாது. 'சி.வி.டி.' என்று சொல்வார்களே, அந்த வகை.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே தொலைவில் ஒரு பேருந்து. முந்திவிடலாம் என்று எண்ணி வலப்பக்கம் ஒதுங்கி ஆக்சிலேட்டரை அழுத்தினேன். எஞ்சின் அலறியது. ஆனால் கார் முன்போலவேதான் ஊர்ந்தது. "என்னப்பா, வண்டி உறுமுது, போக மாட்டேங்குதே!" என்றாள் மகள். பேருந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதித்து மறுபடியும் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பேருந்து கடந்துபோன பின்னும் நெஞ்சு படபடத்தது.

அன்று மாலை நண்பர்களிடம், "இந்த வகைக் காரே மந்தம், பெட்ரோலையும் குடிக்கிறது" என்று குறைபட்டேன். இக்கார்களை வைத்திருக்கும் பலரும் சொல்லும் குறைகள்தாம் இவை இரண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர், "ஐயா, இந்த ஊசல் மெதுவாக ஆடுகிறது" என்று சொன்னால் நான் என்ன கேட்பேன்? "எத்தனை வினாடி?" என்று கேட்பேன். அந்தக் கேள்வியை என் காரிடம் நான் கேட்கவே இல்லை!

பற்சக்கரத்துக்குப் பதில் கப்பி

மாணவர்களே, மாவு மில்லில் மோட்டாரிலிருந்து எந்திரத்துக்கு பெல்ட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாரின் கப்பி சிறியதாகவும் எந்திரத்தின் கப்பி பெரியதாகவும் இருந்தால் சுழற்சி குறையும். முறுக்கு விசை கூடும். மாற்றி வைத்தால் சுழற்சி கூடும். முறுக்கு விசை குறையும். காரின் கியர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றில் ஐந்தோ ஆறோ படிகள் மட்டுமே உண்டு.

கப்பியின் அளவையே ஓட்டத்தின் நடுவில் மாற்ற முடிந்தால்? அதுதான் சி.வி.டி. இதில் ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புகளால் ஆனது. கூம்புகள் நெருங்கினால் நடுவிலுள்ள பெல்ட் வெளிப்புறம் தள்ளப்பட்டுப் பெரிய வட்டத்தில் ஓடும்; விலகினால் உள்ளே இறங்கிச் சிறிய வட்டத்தில் ஓடும். ஒரு கப்பி பெரிதாகும்போது மற்றது சிறிதாகும். ஆகவே இரு எல்லைகளுக்கு இடையில் எந்த விகிதமும் கிடைக்கும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹப் வான் டோர்ன் இம்முறையைக் காரில் பொருத்தி வெற்றி கண்டார். அவருடைய 'டாஃப் 600' கார் 1958-இல் வெளிவந்தது. அதில் இருந்தது ரப்பர் பெல்ட். முன்னே செல்லும் அதே வேகத்தில் பின்னேயும் செல்லக்கூடிய கார் அது! அந்நாட்டில் இக்கார்களைக் கொண்டு பின்னோக்கி ஓட்டும் பந்தயங்களே நடத்தினார்கள். 1980-களின் பிற்பகுதியில் ரப்பருக்குப் பதிலாக, நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளைக் கோத்த பட்டை கார்களில் வந்தது. வியப்பு என்னவென்றால், இந்தப் பட்டை கப்பியை இழுப்பதில்லை, தள்ளுகிறது.

இது நம் ஊருக்குப் புதிய பொருளன்று. 1980-களின் நடுவில் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் இருந்ததும் இந்தப் பெல்ட்தான். இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கியரில்லா ஸ்கூட்டரிலும் இதுவே இருக்கிறது. ஸ்கூட்டரில் கூம்புகளை நெருக்கும் வேலையைச் சிறிய உருளைகள் செய்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல, மையவிலக்கு விசையால் அவை வெளிநோக்கி ஓடிக் கூம்பைத் தள்ளும். காரில் அந்த வேலையை எண்ணெய் அழுத்தம் செய்கிறது.

காது சொன்ன சாட்சி

இப்போது சோதனைக்கு வருவோம். என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவரிடம் ஏறத்தாழ அதே எஞ்சின் உள்ள கியர் கார் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தோம். கடிகாரம் என் மகள் கையில். ஒவ்வொரு காருக்கும் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தோம். நண்பரின் கார் 5.9 வினாடி, என் கார் 6.2 வினாடி. கையால் கடிகாரத்தை அழுத்துவதில் ஏற்படும் பிழையே 0.2 அல்லது 0.3 வினாடி இருக்கும். ஆகவே இரண்டும் ஏறக்குறைய சமம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அளப்பதற்கு முன், "அவங்க கார்தான் ரொம்ப வேகம்" என்று மகள் அடித்துச் சொல்லியிருந்தாள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஏன்?

கியர் காரில் வேகம் கூடக்கூட எஞ்சினின் சுருதியும் ஏறும். கியர் மாற்றும்போது இறங்கி, மறுபடி ஏறும். இத்தனை ஆண்டுகளாகப் பேருந்திலும் லாரியிலும் இந்தப் பாட்டைக் கேட்டுப் பழகிய காது, சுருதி ஏறுவதையே வேகம் ஏறுவதாக எடுத்துக்கொள்கிறது. சி.வி.டி. காரிலோ எஞ்சின் தனக்கு ஏற்ற ஒரு சுழற்சியில் நின்றுவிடும். விகிதம் மாறுவதால் கார் மட்டும் வேகமெடுக்கும். சுருதி ஒரே நிலையில் இருப்பதால், 'வண்டி போகவில்லை' என்று காது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

குற்றாலத்து அருவிகளில் படிப்படியாக ஆர்ப்பரித்து விழும் சிற்றாறுதான் எங்கள் சீவலப்பேரிக்கு வந்து ஓசையின்றித் தாமிரபரணியில் கலக்கிறது. ஓசை இல்லை என்பதால் ஆறு இறங்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் காரைப் பற்றி அப்படிச் சொல்கிறோம்! இந்தக் குறையைக் கேட்டுக் கேட்டு, சில கார் நிறுவனங்கள் இல்லாத கியர்களை இருப்பதுபோல் பாவனை செய்யும் கணிப்பொறி நிரல்களைச் சேர்த்துவிட்டன. காதைத் திருப்திப்படுத்த, நல்லதொரு இயந்திரத்தைப் படியேறி இறங்கச் செய்கிறார்கள். எனக்கு இது சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது.

பிறவியிலேயே மந்தமான அமைப்பு என்றும் இதைச் சொல்ல முடியாது. 1993-இல் வில்லியம்ஸ் நிறுவனம் தன் ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் இதைப் பொருத்திச் சோதித்தது. பந்தயத்தில் இறங்குமுன்பே, 1994-ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய செலுத்தமைப்புக்கு இடமில்லாமல் செய்துவிட்டன.

ஒரு வினாடியின் நீளம்

அப்படியானால் அன்று லாரியை முந்தும்போது நடந்தது என்ன? காது மட்டும் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரு தாமதம் இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சிக்கனத்துக்காக, சமவேகத்தில் போகும்போது சி.வி.டி. எஞ்சினை மிக மெதுவாகச் சுழல விடுகிறது. என் காரில் நிமிடத்துக்கு 1500 சுற்று அளவு. திறன் என்பது முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் எஞ்சின் 1500 சுற்றில் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 16 கிலோவாட்; 4500 சுற்றில் 47 கிலோவாட். சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போவதற்கு 5 கிலோவாட் அளவே போதும். எனவே சாதாரண ஓட்டத்துக்கு 1500 சுற்று தாராளம். ஆனால் திடீரென்று முந்த வேண்டுமானால், முதலில் விகிதம் மாற வேண்டும். எஞ்சின் 4500 சுற்றை எட்ட வேண்டும். அந்தச் சிறு நேரத்தில் திறனில் ஒரு பகுதி எஞ்சினின் சொந்தச் சக்கரங்களைச் சுழற்றவே செலவாகிறது. ஒலி முன்னே வருகிறது. வேகம் பின்னே வருகிறது.

என் காரில் இந்தத் தாமதம் ஒரு வினாடி அளவு. ஒரு வினாடிதானே என்று எண்ணாதீர்கள். நான் 50 கி.மீ., எதிர்ப் பேருந்து 60 கி.மீ. என்றால், இருவரும் நெருங்கும் வேகம் 110 கி.மீ. அதாவது ஒரு வினாடிக்கு 30 மீட்டருக்கு மேல். மூன்று பேருந்துகளை வரிசையாக நிறுத்தும் இடம் அந்த ஒரு வினாடியில் கரைந்துவிடுகிறது. அன்றைய தவறு காருடையதன்று. அந்தத் தாமதத்தை அறியாமல் கணக்குப் போட்ட என்னுடையது.

இப்போது என் வழக்கம் வேறு. முந்த வேண்டுமானால் லாரிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு, நெம்புகோலை 'எஸ்' நிலைக்குத் தள்ளி எஞ்சினை முன்கூட்டியே எழுப்பிக்கொள்கிறேன். பிறகு சாலையை மீண்டும் ஒருமுறை பார்க்கிறேன். எதிரே வண்டி தெரிந்தால் முந்துவதில்லை.

பிரேக்கில் கரையும் பெட்ரோல்

அடுத்து இரண்டாவது குறை. சி.வி.டி. கப்பிகள் பட்டையை இறுகப் பிடிக்க எண்ணெய் அழுத்தம் வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். உராய்விலும் சிறிது போகும். ஆகவே ஆற்றலைக் கடத்துவதில் நல்ல பற்சக்கரங்களைவிட இது சற்றுப் பின்தங்கியதே. ஆனால் எஞ்சினைச் சிக்கனமான சுழற்சியில் வைத்திருப்பதால், இழந்ததில் பெரும்பகுதியை நகரச் சாலைகளில் மீட்டுவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கியர் கார் முந்திக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஆட்களோடு சேர்த்து 1200 கிலோகிராம் நிறையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள்: ஏறத்தாழ 1,67,000 ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால் பங்கு மட்டுமே சக்கரத்தைச் சேர்வதாகக் கொண்டால் 80 லட்சம் ஜூல். ஆகவே ஒருமுறை 60 கி.மீ. வேகத்தை எட்ட 21 மில்லி லிட்டர் பெட்ரோல் வேண்டும். அதாவது நான்கு தேக்கரண்டி! பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது அந்த நான்கு கரண்டியும் வெப்பமாகக் காற்றில் போகிறது. வழியில் பன்னிரண்டு வேகத்தடைகளுக்கும் சந்திப்புகளுக்கும் இடையே இப்படி விரட்டி விரட்டி நிறுத்தினால் கால் லிட்டர் போயிற்று.

இதையும் சோதித்தோம். தொட்டியை விளிம்புவரை நிரப்பி, அடுத்த முறை அதே அளவு நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொண்டோம். அவசரமாக ஓட்டிய வாரங்களில் லிட்டருக்கு 13.1 கி.மீ. தடையைத் தொலைவிலேயே பார்த்துக் காலை எடுத்து, கார் தானே வேகம் குறையும்படி ஓட்டிய வாரங்களில் 16 கி.மீ. கார் அதேதான், பட்டையும் அதேதான். மகளின் குறிப்பேட்டின்படி, நிதானமாக ஓட்டியதால் கூடிய நேரம் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

என் கருத்து

நான் இந்தக் காரை விற்கப்போவதில்லை. மலைப்பாதையில் இறங்கும்போது 'எல்' நிலைக்கு மாற்ற மறக்கக் கூடாது என்பது போன்ற பழக்கங்கள் இதற்குத் தேவை, அவ்வளவே. கையும் இடக்காலும் செய்த வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஓட்டுபவர் போட வேண்டிய கணக்கை அது ஏற்றுக்கொள்ளவில்லை. இதைச் சொல்லித்தர வேண்டிய கடமை விற்பவர்களுக்கு உண்டு. விளம்பரங்களில் குதிரைத் திறனும் மைலேஜும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. அந்த மைலேஜ், சோதனைச் சாலையில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, வகுத்த அட்டவணைப்படி ஓட்டி அளந்தது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அது உதவும். நம் சாலைக்கு அது உறுதிமொழி ஆகாது. மிதித்ததற்கும் பாய்வதற்கும் இடையே எத்தனை வினாடி என்பதையும் அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. மைலேஜால் காசு மிச்சமாகலாம்; இந்த எண்ணால் உயிர் மிச்சமாகும்.

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன், மாணவர்களே. உரிமம் பெறும் வயது வரும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். ஆனால் கணக்கெடுக்க உரிமம் வேண்டாம்! வீட்டு ஸ்கூட்டரின் கிலோமீட்டரையும் பெட்ரோலையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். எஞ்சின் ஒலியையும் வேகமுள்ளையும் பின்னிருக்கையிலிருந்தே கவனியுங்கள். மாத முடிவில், "நம் வண்டி மந்தம்" என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால், பணிவோடு கேளுங்கள்: "எத்தனை வினாடி?"