விளையாட்டுதானே என்று சொல்லாதீர்கள்

2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்திய ஹாக்கி அணி வெண்கலம் பெற்றது. கோல்கீப்பர் பி. ஆர். ஸ்ரீஜேஷுக்கு அதுவே கடைசி ஆட்டம். அவர் அணிந்த 16ஆம் எண்ணையும் சீனியர் அணியில் இனி எவருக்கும் தருவதில்லை என ஹாக்கி இந்தியா அறிவித்தது.

நெடுநாள் சிகிச்சையில் இருப்பவருக்கு இத்தகைய விலகல் சிறு செய்தி அன்று. மருந்து வேளைகளுக்கு இடையே அவர் ஆவலுடன் காத்திருந்த ஒன்று இல்லாமற் போகிறது. “விளையாட்டுதானே, இதற்கா வருத்தம்?” என்று உடனிருப்போர் கேட்பதை நாங்கள் ஏற்பதில்லை. எங்கும் கிரிக்கெட்டே பேச்சாக இருக்கும் பாப்பாரப்பட்டியில் ஹாக்கி ரசிகருக்குப் பேச்சுத்துணை கிடைப்பதே அரிது! பிரிட்டனுடனான காலிறுதியில், பெரும்பகுதி நேரம் பத்துப் பேருடன் ஆடிய அணியை ஷூட்-அவுட்டில் ஸ்ரீஜேஷ் எப்படிக் காத்தார் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். சொல்லச் சொல்ல மனப்பாரம் குறையும்.

பின்னர் ஸ்ரீஜேஷ் ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளரானார். 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் அவ்வணி வெண்கலம் வென்றது. அந்த இளைஞர்களின் ஆட்டத்தை நோயாளியுடன் சேர்ந்து பாருங்கள். உறக்கம் கெடும்வரை வேண்டாம்.

இரண்டு வாரம் கடந்தும் உணவிலும் உறக்கத்திலும் நாட்டமில்லை எனில், காரணம் ஹாக்கி மட்டுமாக இராது. தயங்காமல் எங்களிடம் தெரிவியுங்கள்.