பெயரைத்தானே போடவில்லை?

"உங்க பேரைப் போடலையேம்மா, மலர்னுதானே போட்டிருக்கேன்" என்றீர்கள் மேடம். நான் போனில் அழுதுகொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையோடு உங்கள் பொறுப்பு தீர்ந்துவிட்டது.

சரி, இணையப் பதிவில் பெயரைப் போடவில்லை. வேறு என்னென்ன போட்டீர்கள்? சங்கரன்கோவில் என்று போட்டீர்கள். தறிக்கூடத்தில் கணக்கு எழுதும் பட்டதாரிப் பெண் என்று போட்டீர்கள். மூத்தது ஆண், இளையது பெண், கணவர் திருப்பூரில் வேலை, மாமியாரோடு ஒரே வீடு. இவ்வளவையும் கொடுத்த பிறகு ஆளைக் கண்டுபிடிக்க இந்த ஊருக்கு என் பெயர் எதற்கு? விசைத்தறித் தெருக்களில் தறி ஓட்டுகிற பெண்கள் உண்டு, நூல் சுற்றுகிற பெண்கள் உண்டு. கணக்கு நோட்டோடு உட்காருகிற பட்டதாரி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? பதிவு வந்த அன்று சாயங்காலமே மதினி போனை நீட்டிக் கேட்டாள்: "ஏட்டி, இது நீதான?"

எனக்கு நோய் வந்தது வெளியே தெரிந்துவிட்டதே என்று நான் குமுறவில்லை. அதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். இது கோமதி அம்மன் ஊர். சந்நிதிக்கு முன்னால் சக்கரக் குழி இருக்கிறது. மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிவந்து அதில் உட்காரவைப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. என்னையும் அம்மா உட்காரவைத்தாள். அன்றைக்கு நல்ல கூட்டம். தெரிந்த முகங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் போயின. முன்பின் தெரியாத ஓர் ஆச்சி நின்று, "இவளுக்குச் சொகமாகணும் தாயே" என்று தன் பங்குக்கு வேண்டிக்கொண்டு, என் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிவிட்டுப் போனார். எனக்குக் கூசவில்லை. ஆனால் அந்தக் குழியில் உட்கார்ந்தவள் வாயைத் திறந்து எதையும் சொல்லவேண்டியதில்லை. உங்கள் மனநல ஆலோசனை அறையில் சொல்லவேண்டியிருந்தது. அம்மனிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை உங்களிடம் சொன்னேன்.

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கையை விட்டுவிடுவேனோ என்று வந்த நினைப்பைச் சொன்னேன். அந்தப் பயத்தில் பிள்ளையைத் தொடாமலே மூலையில் கிடந்ததைச் சொன்னேன். "பிரசவத்துக்குப் பிறகு நிறையத் தாய்மாருக்கு இப்படி வரும்மா, நினைப்பு வருவது வேறு, செய்வது வேறு" என்று நீங்கள்தானே தேற்றினீர்கள்? அன்று வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினேன். அந்த உதவியை இன்றைக்கும் நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பதிவில் அந்த விளக்கத்தைக் காணோம். "பெற்ற பிள்ளையையே கொல்ல நினைத்த தாய்" என்பது தலைப்பு. அடியில் உங்கள் போன் நம்பர், முன்பதிவுக்கு.

இப்போது அத்தை என்னைப் பிள்ளையோடு தனியாக விடுவதில்லை. குளிப்பாட்ட அவர்களே வந்துவிடுகிறார்கள். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். முதலாளி, "கணக்கெல்லாம் பாக்க முடியுதாம்மா, ரெண்டு மாசம் வீட்ல இருந்துட்டு வாயேன்" என்கிறார். தங்கச்சிக்குப் பேசி முடித்த இடத்தில், பொருந்தியிருந்த ஜாதகம் திடீரென்று பொருந்தாமல் போனது. அவள் என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. இதையெல்லாம்கூடச் சகித்துவிடுவேன். என் மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போவாள். "உங்கம்மா உன்னைய..." என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். அன்றைக்கு நான் என்ன சொல்ல?

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றும் சொன்னீர்கள். போட்டேன். முதல் நாள், தூக்கமே இல்லாமல் வந்து நின்றவளிடம் ஆங்கிலத்தில் அடித்த தாளை நீட்டி, "சும்மா பார்மாலிட்டி" என்றாள் உங்கள் முன்னறைப் பெண். விழிப்புணர்வுக்குப் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு வரி இருந்ததாம். அதற்குப் பெயர் சம்மதமா?

அதற்குப் பிறகு தேடித்தேடிப் படித்தேன். 1995ல் நாகாலாந்து மருத்துவர் ஒருவர் சென்னை மருத்துவமனை ஒன்றில், இன்னொருவரின் அறுவை சிகிச்சைக்காக ரத்தம் கொடுக்க முன்வந்தார். பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து செய்தி கசிந்தது. நிச்சயித்த கல்யாணம் நின்றது. சொந்த ஜனமே ஒதுக்கியதால் கோஹிமாவில் இருக்க முடியாமல் சென்னைக்கே வந்து சேர்ந்தார். உச்சநீதிமன்றம் அவர் பெயரை மறைத்து "எக்ஸ்" என்று எழுதியது. ஊருக்கு முன்பே தெரிந்த பிறகு யாரிடமிருந்து மறைத்தார்கள்? வழக்கிலும் அவர்தான் தோற்றார். மணப்பெண்ணின் உயிர் பெரிது என்றது 1998 தீர்ப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குக் கல்யாணம் செய்யும் உரிமையே இல்லை என்பதுபோல அதில் எழுதியிருந்ததைத் திரும்பப் பெற 2002 டிசம்பர் ஆனது.

பக்கத்து மாவட்டத்தில், சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றிவிட்டார்கள். செய்திகளில் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. வயது இருந்தது, ஊர் இருந்தது, எத்தனை மாதம் என்பது இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016 முகாமிலேயே தெரிந்தும், அவரிடம் யாரும் சொல்லவில்லை என்று அப்போது செய்தி வந்தது. தனக்குத் தெரிந்ததும் தானாக வந்து சொன்னவர் அவர். விஷயம் பெரிதானபின் தற்கொலைக்கு முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்தார். சொல்லவேண்டியவரிடம் சொல்ல ஆளில்லை. ஊருக்குச் சொல்ல எத்தனை வாய்!

சட்டம் இல்லாமல் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல் வந்தது. அதன் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பதை நோயாளியின் உரிமை என்கிறது. 24ஆம் பிரிவு, சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்காதே என்கிறது. இணையவெளியும் அதில் அடக்கம். முதல் தடவை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் மனநல நிபுணர் பட்டியலில் மனநல மருத்துவர் இருக்கிறார், பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் இருக்கிறார், சித்தாவில் சிறப்பு மருத்துவம் படித்தவர்கூட இருக்கிறார். சில மாதச் சான்றிதழ் வகுப்போடு பலகை மாட்டிய நீங்கள் இல்லை மேடம். உங்களைப் போன்றவர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021ல் ஒரு சட்டம் போட்டார்கள். எங்கள் தெருவில் பலகை மாட்டியபோது யாரும் வந்து எதையும் கேட்கவில்லை.

2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று முழங்குகிறது. அந்தப் பணம் போவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்க வழி இருந்தது. புதிய சட்டம் அந்தப் பிரிவையே நீக்கச் சொல்கிறது. அடி எனக்கு, அபராதம் சர்க்காருக்கு!

பின்லாந்தில் வாஸ்தாமோ என்ற மனநல நிறுவனத்தின் குறிப்புகளை ஒருவன் திருடினான். 2020 அக்டோபரில், ஆளுக்கு 200 யூரோ கொடு, இல்லாவிட்டால் வெளியிடுவேன் என்று நோயாளிகளையே மிரட்டினான். சுமார் 33,000 பேர் அதில் அகப்பட்டார்கள். 2024ல் அவனுக்கு ஆறு வருடம் மூன்று மாதச் சிறை விதித்தது அந்த நாட்டு நீதிமன்றம். உங்களிடம் யாரும் திருடவில்லை. நீங்களே எடுத்து, படம் ஒட்டி, எல்லோருக்கும் பகிருங்கள் என்றும் எழுதிப் போட்டீர்கள்.

பதிவை நீக்கிவிட்டேன், மன்னித்துக்கொள் என்கிறீர்கள். நீங்கள் நீக்குமுன் அது எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனதோ! மன்னிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி எழுதிய அந்த நோட்டின் பக்கங்களைக் கொடுங்கள். அதை உங்களைத் தவிர யார் யார் வாசித்தார்கள், உங்கள் முன்னறைப் பெண் உட்பட, எழுத்தில் கொடுங்கள். உங்கள் பக்கத்தில் இன்னும் "கமலா", "ரேவதி", "செல்வி" என்று கதைகள் கிடக்கின்றன. அவர்களும் ஏதோ ஒரு தெருவில் இருப்பவர்கள்தான். அவற்றை இன்றைக்கே எடுங்கள்.