அட்டையில் யார் முகம்?

இந்த இதழின் அட்டைக்கு மௌனப்படக் காலத்து முகம் ஒன்றைத் தேடி, கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நண்பரிடம் போனோம். சாப்ளின் எத்தனை வேண்டும் என்றார். தகரத்தில் இருந்தார், மரத்தில் இருந்தார், தேநீர்க் கோப்பையிலும் இருந்தார். நம் நாட்டுக்காரர் யாராவது என்று இழுத்தோம். கேட்டு வாங்க ஆளில்லை என்றார்.

வியாபாரக் கணக்குதான், ஆனாலும் சரியான கணக்கு. சாப்ளினின் படச்சுருள்கள் பிழைத்துக் கிடக்கின்றன. அதனால் இன்று பிறந்த பிள்ளையும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. நாம் எடுத்த மௌனப்படங்கள் 1,300க்கு மேல். மிஞ்சியவை சொற்பம். அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம் சுலோச்சனா, இயற்பெயர் ரூபி மையர்ஸ், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர், யூதப் பெண். (கொச்சி யூதரல்ல, பூனாவில் பிறந்தவர்.) 1928இல் மௌன அனார்கலி, 1935இல் பேசும் அனார்கலி, 1953இல் அதே கதையில் சலீமின் தாய். 1973ஆம் ஆண்டுக்கான பால்கே விருதும் கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் யூதத் தெருவில்கூட அவர் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள்.

இந்தக் கணக்குக்கு அடங்காதவர் பி.கே. ரோசி. அவர் நடித்த ‘விகதகுமாரன்’ முதல் மலையாளப் படம். திருவனந்தபுரம் காபிடல் கொட்டகையில் அது திரையிடப்பட்டது 1928இலா, 1930இலா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. புலையர் குலத்துப் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல் திரையில் கல்லெறிந்தார்கள். ரோசி ஊரைவிட்டு ஓடினார். லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார் என்கிறார்கள். படத்தில் ஓர் அடிகூட மிச்சமில்லை. அவருடையது என்று சுற்றிவரும் புகைப்படமும் சந்தேகத்துக்குரியது. ஆனால் 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. மலையாள சினிமாப் பெண்கள் 2019இல் தொடங்கிய திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் திரைவிழாவுக்கும் அவர் பெயர். நடிப்பைப் பார்த்தவர் யாரும் இல்லாமல் பெருகிய புகழ் இது. அவர்மேல் விழுந்த கல்தான் நமக்குத் தெரியும். அவர் எப்படி நடித்தார் என்பது தெரியாது.

எங்களை உறுத்துவது இதுதான். கொடுமையை மட்டுமே சொல்லிச் சொல்லி ஒரு கலைஞரைப் பரிதாபத்துக்குரியவராக்கிவிட்டோம். சினிமாவுக்கு முன்பே ரோசி காக்காரிசி நாடகம் ஆடியவர். தமிழும் மலையாளமும் கலந்து பாடும் கூத்து அது. காக்கானும் காக்காத்தியும் குறி சொல்லிக்கொண்டு வருவார்கள். படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். கடைசிக் காலத்தில் அவர் உதவித்தொகை கேட்டபோது, தமிழ்நாட்டில் வாழ்பவர் என்று சொல்லிக் கேரளம் கைவிரித்தது என்பார்கள். 1975இல் இறந்தார். 1992 முதல் கேரள அரசின் உயரிய திரை விருது அவர் பெயரில் வழங்கப்படுகிறது! தமிழும் மலையாளமும் இப்படிக் கலந்த கதையில், பேசாத படத்துக்கு எந்த மொழி என்று கேட்டால் மட்டாஞ்சேரியில் பதில் எளிது. ஒரே தெருவில் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் காதில் விழும் ஊர் இது.

அட்டையில் ரோசி என்று சொல்லி ஒரு முகத்தைப் போட மனம் வரவில்லை. காக்காத்தி வேடத்தின் கோட்டோவியம் ஒன்றைப் போட்டிருக்கிறோம். ராஜம்மாளின் குடும்பத்தைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்கலாம் என்று நண்பர்கள் இருவர் சொன்னார்கள், வேண்டாம் என்றோம். மறைந்து வாழ அவர் பட்ட பாட்டை நாம் கலைக்க வேண்டியதில்லை. காக்காரிசி பார்த்த பாட்டி, தாத்தா உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் பாட்டையும் அடவையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.