வீசி எறியுமுன்...

‘சிக்கனம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிக்கின்றோம். அது ஏழைகளின் சொல் என்று எண்ணுகின்றோம். சிக்கனத்தையும் கஞ்சத்தனத்தையும் ஒரே தட்டில் வைத்து எள்ளி நகையாடுகின்றோம். குப்பை பெருகிவிட்டது என்று மேடைதோறும் முழங்கும் இந்நாளில், அந்தக் குப்பை நம் வீட்டிற்குள் எவ்வழியாக நுழைந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வெட்கத்தின் வழியாக நுழைந்தது என்பதே எனது தாழ்மையான கருத்து.

மஞ்சள் பையை எடுத்துக் கொள்வோம். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுத் தந்த துணிப்பை அது. கடைக்கும் சந்தைக்கும் வெளியூர்ப் பயணத்திற்கும் அதுவே துணை. பிறகு என்ன நடந்தது? திரைப்படத்தில் மஞ்சள் பையோடு பேருந்தை விட்டு இறங்குபவன் பட்டிக்காட்டான் ஆனான். நாமும் பார்த்துச் சிரித்தோம். சிரித்த கையோடு பாலித்தீன் பையைப் பிடித்துக் கொண்டோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஓர் இயக்கத்தையே தொடங்க வேண்டியதாயிற்று. வீட்டு ஆணியில் சும்மா தொங்கிக் கொண்டிருந்த பையை மீட்டு வர ஓர் அரசாங்கமே புறப்பட வேண்டியிருந்தது என்றால், இது வேடிக்கையா, வேதனையா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் வீட்டில் ஒரு துணி எப்படி வாழ்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். ஆச்சியின் நூல் சேலை நைந்ததும் தொட்டிலாகும். தொட்டிலில் கிடந்த பிள்ளை நடக்கத் தொடங்கியதும் இரண்டாக மடித்துத் தைத்த போர்வையாகும். பிறகு சோற்றுப் பானை இறக்கும் கரித்துணி. கடைசியில் கிழித்துத் திரித்தால் கார்த்திகை விளக்குக்குத் திரி. சேலை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக மிஞ்சுவது அகலில் ஒட்டிய கரி மட்டுமே! பீடி இலை வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளில் வெந்நீர் கொதிக்கும். அந்தச் சாம்பலில் பாத்திரம் பளபளக்கும். மீந்த சாம்பல் கீரைப் பாத்திக்குப் போகும்.

இதையெல்லாம் சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று நாங்கள் செய்யவில்லை. வேறு வழியில்லாமல் செய்தோம். வறுமைக்குப் பல்லாண்டு பாட நான் வரவில்லை. சுளவை இறக்கி வைத்த பிறகு, இரவில் கிழிசல் தைக்கும் அம்மாவின் கண்ணெரிச்சல் எனக்குத் தெரியும். வறுமை ஒழியட்டும். ஆனால் கையில் நாலு காசு சேர்ந்தவுடன் வறுமையோடு சேர்த்து அந்தக் கைத்திறனையும் நாம் ஏன் தெருவில் கொட்ட வேண்டும்? தஞ்சையில் பிறந்து, லண்டனில் கணக்கியல் பயின்ற ஜே. சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945-இல் ஒரு நூலே எழுதினார். தீர்ந்து போவதை நம்பிய வாழ்வு வேறு, சுழன்று திரும்புவதை நம்பிய வாழ்வு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். ஆச்சி அந்த நூலைப் படித்ததில்லை, படிக்கவும் தெரியாது.

துணி என்றதும் நம் நெல்லைச் சீமையில் நினைவுக்கு வரவேண்டிய இடம் பாபநாசம். பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி, மலையை விட்டுச் சமவெளியில் கால் வைக்கும் இடம் அது. இரண்டு மாவட்டங்களுக்கு இதுவே குடிநீர். அங்கே நீராடுவோரும் நீத்தார் கடன் முடிப்போரும், உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பாவம் தீரும் என்று நம்பி விட்டுச் செல்கின்றனர். மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசை முடிந்தால், புலிகள் காப்பகத்திற்கு நடுவே ஓடும் ஆற்றிலிருந்து தன்னார்வலர்கள் துணிகளை இழுத்து இழுத்துக் கரை சேர்க்கின்றனர்.

நம்பிக்கையோடு நான் வழக்காட வரவில்லை. வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன். பருத்தி என்பது செல்லுலோஸ். நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். பாலியெஸ்டரோ தண்ணீர்ப் பாட்டில் செய்யும் அதே பொருள். அது எளிதில் மட்காது. நுண்ணிழைகளாகப் பிரிந்து நீரோடு போகும். தாத்தா காலத்தில் ஆற்றில் விட்ட ஈரிழைத் துண்டும் இன்று விடும் பளபளப்புச் சேலையும் பக்தனுக்கு ஒன்றுதான், ஆற்றுக்கு ஒன்றல்ல. களைந்த துணி கரையில் வைத்த தொட்டியில் விழுந்தால் பாவம் போக மறுத்துவிடுமா? நல்லதை வெளுத்து உடுத்தலாம். கிழிந்தது மிதியடியாகலாம், தரை துடைக்கலாம்.

மாநகராட்சி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்குகிறது. நல்லதே. ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் புகைந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எனினும் அது குப்பையான பின் செய்யும் வேலை. நான் பேசுவது குப்பையாகும் முன்பு.

நம் கல்லூரிக்கு வருவோம். துறை விழா முடிந்த மாலையில் மண்டபத்தின் பின்புறம் போய்ப் பாருங்கள். தடை செய்த பட்டியலில் உள்ள பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகள் குவிந்து கிடக்கும். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் நல்ல மேலங்கிகள் மூலையில் கிடக்கின்றன. பாதி எழுதாத ரெக்கார்டு நோட்டுகள் எடைக்குப் போகின்றன. அதே சூன் மாதத்தில் முதலாண்டு மாணவன் ஒருவன் மேலங்கி வாங்கக் கடன் கேட்டு அலைகிறான்.

விட்டுச் செல்வோரின் மேலங்கிகளையும் பாட நூல்களையும் துறையிலேயே சேர்த்து வைத்தால் என்ன? ஆனால் ஒரு வேண்டுகோள். ‘ஏழை மாணவர்க்கு இலவசம்’ என்று மட்டும் எழுதி வைத்து விடாதீர்கள். அப்படி எழுதினால் என் போன்றவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டோம். கடன் வாங்கியாவது புதிது வாங்கிக் கொள்வோம். காரில் வருபவனும் நடந்து வருபவனும் ஒரே இடத்தில் வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளட்டும். போகும்போது வெளுத்துத் திருப்பி வைக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் எரிவிளக்கையும் பிப்பெட்டையும் அப்படித்தானே பகிர்ந்து கொள்கின்றோம்? அதில் யாருக்கும் வெட்கம் வந்ததாகத் தெரியவில்லையே!

இதற்குப் புதிய அலமாரி வாங்க நிதி ஒதுக்கும்படி பேராசிரியப் பெருமக்களைக் கேட்கப் போவதில்லை. எங்கள் துறை நடைக்கூடத்தில் பழைய இரும்பு அலமாரி ஒன்று பூட்டியே நிற்கிறது. சாவியைக் காணோம் என்கிறார்கள். சாவி செய்து தர டவுனில் ஆள் உண்டு; அழைத்து வர நான் ஆயத்தம்.