கடிகாரம் போல் துடிக்கலாமா இதயம்?



நாம் படிக்கிற இன்ஸ்ட்ருமெண்டேஷன் பாடத்தில் ஆடாமல் அசையாமல் இருப்பதுதான் நல்ல குணம். பவர் சப்ளையில் வோல்டேஜ் ஆடினால் லேபில் மார்க் போச்சு! அதே கண்ணால் மனித இதயத்தைப் பார்த்தீர்களானால் எல்லாம் தலைகீழாகிவிடும். நல்ல இதயம் ஆடும். ஆட வேண்டும்.

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் இரண்டு துடிப்புக்கு நடுவே 0.83 விநாடி என்று வகுத்துவிடுகிறோம். அது வெறும் சராசரி. உண்மையில் ஒரு இடைவெளி 0.78 இருக்கும், இன்னொன்று 0.88 இருக்கும். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் நிதானம். இதற்குத்தான் இதயத் துடிப்பு மாறுபாடு என்று பெயர். இதயத்துக்குள் இருக்கும் இயற்கை பேஸ்மேக்கரைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 அளவில் அடிக்கும். அதை வேகஸ் நரம்பு பிரேக் போட்டுப் பிடிக்கிறது. சிம்பதெடிக் நரம்புகள் ஆக்ஸிலேட்டர். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு இந்த நரம்புகள் அறுபட்டிருப்பதால், ஓய்வாகப் படுத்திருந்தாலும் இதயம் வேகமாக, பெரும்பாலும் ஒரே சீராக அடிக்கிறது.

கூத்தாநல்லூர்க்காரனுக்கு இதைப் புரியவைக்க நீடாமங்கலம் மூணாறு தலைப்பு போதும். அங்கே ஷட்டரை ஏற்றாமல் இறக்காமல் ஒரே உயரத்தில் துருப்பிடிக்க விட்டால்? சாதாரண நாளில் தண்ணீர் சரியாகத்தான் போகும். வெள்ளம் வரும்போதுதான் தெரியும் சங்கதி!

விஞ்ஞானிகள் இதைக் கண்டுகொண்டு வெகுநாள் ஆகிறது. தாயின் வயிற்றில் சிசு திணறும்போது துடிப்பின் எண்ணிக்கை மாறுவதற்கு முன்பே இடைவெளிகளின் ஏற்ற இறக்கம் மாறுகிறது என்று 1963-ல் ஹான், லீ என்ற இருவர் எழுதினார்கள். 1987-ல் க்ளைகர் குழுவினர் மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரின் துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். நாம் கணக்கில் படிக்கிறோமே திட்ட விலக்கம், அது 50 மில்லிவிநாடிக்குக் கீழே இருந்தவர்கள் 100-க்கு மேலே இருந்தவர்களைவிட 5 மடங்குக்கு மேல் இறந்திருந்தார்கள்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தால் முதலில் அடிபடுவதில் ஒன்று இந்த வேகஸ் நரம்பு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. அதில் எங்கள் அப்பாவும் ஒருவர். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. நாற்றுப் பறித்துவிட்டு நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. கேட்டால், "வெயில்தாம்ப்பா. நாடி கடியாரம் மாதிரி ஓடுது, எனக்கென்ன கொறச்சல்?" என்கிறார். கடியாரம் மாதிரி ஓடுவதுதான் எனக்குப் பயம்! நரம்பு கெட்டவருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் விழும். மாரடைப்பே வந்தாலும் நெஞ்சு வலிக்காமல் போகலாம். அவர் போன முகாம்களில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். நரம்பை யாரும் பார்க்கவில்லை.

பார்க்கப் பெரிய மெஷினும் வேண்டாம். சாதாரண இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க, 5 விநாடி இழுத்து 5 விநாடி விட்டு, ஒரு நிமிடம் ஆழமாக மூச்சுவிட வேண்டும். பேப்பர் விநாடிக்கு 25 மி.மீ. ஓடும். இரண்டு உச்சிகளுக்கு இடையே உள்ள சின்னக் கட்டங்களை எண்ணி 1500-ஐ வகுத்தால் வேகம் வந்துவிடும். 18 கட்டம் என்றால் 83, 25 கட்டம் என்றால் 60, வித்தியாசம் 23. பொதுவாக 15-க்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் டாக்டர் கவனிக்க வேண்டிய விஷயம். வயது ஏற ஏற இது தானாகவே குறையும் என்பதையும், தாறுமாறாக அடிப்பது வேறு வியாதி என்பதையும் டாக்டர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். நாம் வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடக்கூடாது.

நம்மில் சிலர் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சும் இந்த எண்ணைக் காட்டுகிறது. உன்னுடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று போட்டி வேறு! ஆளுக்கு ஆள் மாறும் எண் இது. அவரவர் நேற்றோடு இன்றை ஒப்பிட்டால்தான் அர்த்தம். அரியர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழித்துப் படித்தவனுக்கு எண் இறங்கினால் அதிசயமா என்ன? காசு செலவழிக்காமலும் வழி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் மெதுவாக மூச்சுவிட்டுப் பழகிய மருத்துவ மாணவர்களுக்கு வேகஸ் பக்கம் கை ஓங்கியது. வேகமாக மூச்சுவிட்டுப் பழகியவர்களுக்கு அப்படி ஒன்றும் மாறவில்லை.

நம் சங்கம் அடுத்து நடத்தும் மருத்துவ முகாமுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். சர்க்கரை உள்ள ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு நிமிட மூச்சுச் சோதனையையும் சேர்க்கச் சொல்லி வருகிற டாக்டர்களைக் கேட்போம். ஆகும் செலவு ஒன்றரை மீட்டர் இ.சி.ஜி. பேப்பர். கட்டம் எண்ண ஆள் இல்லை என்று சொன்னால், எங்கள் வகுப்பு இருக்கிறது.