சாவி யார் கையில்?

நூறு கணிப்பொறிகளை ஓரிடத்தில் இருந்தே பழுது பார்க்கலாம் என்று நிர்வாகங்கள் தொலைமேலாண்மைக் கருவியைப் புகுத்துகின்றன. புகுத்தட்டும், கருவிக்கு நாம் பகைவரல்லர். ஆனால் தோழர்களே, நூறு அறைக்கும் ஒரே சாவி என்றால், அது யார் கையில் என்று கேட்பது நம் உரிமை!

2021 ஜூலை 2-ஆம் நாள் நடந்ததென்ன? கசேயா என்ற அமெரிக்க நிறுவனத்தின் இத்தகைய கருவியில் இருந்த ஓட்டை வழியே கொள்ளைக் கும்பல் நுழைந்தது. 1,500 வரையிலான நிறுவனங்கள் சிக்கின. ஸ்வீடனின் 'கூப்' கூட்டுறவுக் கடைகள் அக்கருவியை நேரே வாங்கவுமில்லை. கல்லா இயந்திரங்களைப் பராமரித்த ஒப்பந்தக்காரர் வழியே வந்தது வினை. சுமார் 800 கடைகள் மூடப்பட்டன. கும்பல் கேட்ட பணயத்தொகை 7 கோடி டாலர்! கல்லாவில் நின்ற ஊழியன் செய்த குற்றமென்ன? எதுவுமில்லை.

பழுது பார்க்கும் அதே கருவி, ஊழியனை வேவு பார்க்கவும் வல்லது. ஆகவே கேட்போம்: உள்ளே நுழைபவர் பெயரும் நேரமும் பதிவாகட்டும், கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் இருக்கட்டும், ஊழியர் ஒப்பாமல் அவர் திரையைப் பார்க்கலாகாது. இவற்றைச் சங்கத்துடன் பேசி எழுத்தில் தரட்டும்.

கருவி வரட்டும், காவலோடு வரட்டும்!