சொல்லத் தயங்கும் வாரங்கள்

கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இல் இயங்கத் தொடங்கியது. சோதனை வேக ஈனுலை 1985இல் வந்தது. அந்நாள் தொட்டு இந்தக் கரையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஒரு முழுத் தொழிலாக வளர்ந்திருக்கிறது. ஆய்வகங்களில் பெண்களைப் பார்த்து இன்று யாரும் வியப்பதில்லை. உலை இயக்கம், பராமரிப்பு, ஷட்டவுன் வேலை என்று வரும்போதுதான் பழைய கேள்வி எழுகிறது: “ரேடியேஷன் இருக்கிற இடம், லேடீஸ் எதுக்கு சார்?”

அக்கறையில் பிறக்கும் கேள்விதான். ஆனால் நம் அறிவியல் அதற்குத் துணை நிற்கவில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. கருவுற்றதைப் பெண் தெரிவித்த பிறகுதான் கணக்கு மாறுகிறது. மீதமுள்ள மாதங்களில் கருவுக்குக் கூடுதலாகச் சேரும் டோஸ் ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. உலகச் சராசரி மனிதர் இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். இயற்கையாகவே கதிர்வீசும் மோனசைட் மணல் கலந்த நம் கடற்கரையில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கருவில் உறுப்புக் குறைபாடு உண்டாகும் ஆபத்து 100 மில்லிகிரே அளவில்தான் தொடங்குகிறது. ஆகவே விதி கேட்பது பணியிட மாற்றம் மட்டுமே. கர்ப்பத்தைத் தெரிவித்ததைக் காரணம் காட்டி வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்று பன்னாட்டு அணுசக்தி முகமையின் பாதுகாப்பு நெறிகளும் சொல்கின்றன.

நாம் கவலைப்பட வேண்டியது இனிமேல்தான். இந்த ஏற்பாடு முழுவதும் அந்தப் பெண் வாய்திறந்து சொல்வதில் நிற்கிறது. சொன்ன மறுநாளே ஷிப்ட் அலவன்ஸ் நிற்கும், மேசை வேலைக்கு அனுப்புவார்கள், திரும்பி வரும்போது தன் இடத்தில் வேறொருவர் இருப்பார் என்று தெரிந்தால் அவள் ஏன் சொல்வாள்? தள்ளிப்போடுவாள். கருவின் உறுப்புகள் முதல் எட்டு வாரங்களில் உருவாகின்றன. எட்டாவது முதல் பதினைந்தாவது வாரம் வரை மூளை கதிர்வீச்சுக்கு மிகவும் நலிவானது. எந்த வாரங்களில் நமக்குத் தகவல் தேவையோ அதே வாரங்களில் அவள் மௌனமாக இருக்கிறாள். பாதுகாப்பின் பெயரால் பெண்களை ஒதுக்கும் வழக்கம் பாதுகாப்பையே கெடுக்கிறது. ஹெல்த் பிசிக்ஸ் பிரிவினர் இதைச் சமூகநீதி விவகாரம் என்று நிர்வாகத்தின் பக்கம் தள்ளிவிட முடியாது. இது நம் பொறுப்பில் வரும் டோஸ் கட்டுப்பாட்டுப் பிரச்சினை.

இரவு ஷிப்ட்டைக் காட்டி மறுப்பதும் இனி எடுபடாது. பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000த்திலேயே செல்லாததாக்கியது. “பெண்கள் விண்ணப்பிக்க ஊக்குவிக்கப்படுகிறார்கள்” என்ற வரி அரசு ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் தவறாமல் வருகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் அணுசக்தி முகமை 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உறுப்பு நாடுகளின் அணுத்துறையில் பெண்கள் கால் பங்குதான். விண்ணப்பித்து உள்ளே வருபவருக்கு என்ன வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

சுவாசக் கவசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தோடு இறுகப் பொருந்தாத கவசம் இருந்தும் பயனில்லை. இடைவெளி வழியே நுழையும் துகள் உடலுக்குள் தங்கும். பெரிய முகத்துக்கு வாங்கிய ஒரே அளவைச் சிறிய முகத்தில் மாட்டிவிட்டு ‘பொருந்தவில்லை, ஆகவே இந்த வேலைக்கு ஒத்துவராது’ என்று எழுதுவது நியாயமல்ல. சிறிய முகமுள்ள ஆண்களும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். கையுறை, மேலங்கி, ஆக்டிவ் ஏரியாவை ஒட்டிய உடை மாற்றும் அறை எல்லாம் இதே கணக்கில் சேரும்.

அடுத்த ஷட்டவுனுக்கு டோஸ் பட்ஜெட் போடும்போதே கவச அளவுகளின் பட்டியலையும் சேர்த்துப் போடலாம். கர்ப்பத் தகவல் மேற்பார்வையாளர் வழியாகச் செல்லாமல் நேரே மருத்துவருக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் போகும்படி படிவத்தை மாற்றலாம். பணியிடம் மாறும் மாதங்களில் அலவன்ஸும் பணிமூப்பும் குறையாது என்ற உறுதியை அதே படிவத்தில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது.